வாசற்படியில் ஒரு ஜோடி பூட்ஸ்

லயத்தில் யாரும் கதவைத் தட்டுவது கிடையாது. படியைப் பார்ப்பார்கள். பத்து வீடுகள் ஒரே தகரக் கூரையின் கீழ் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற தோட்டத்துக் குடியிருப்பில், உள்ளே யார் இருக்கிறார்கள், யார் விருந்துக்கு வந்திருக்கிறார்கள், யார் வீட்டு மருமகன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்பதையெல்லாம் படியில் கிடக்கிற செருப்பே சொல்லிவிடும். ரப்பர் செருப்பு கிடந்தால் வீட்டுக்காரர் உண்டு. பள்ளிக்கூட ஷூ கிடந்தால் பிள்ளைகள் வந்தாச்சு. பளபளவென்று புதுச் செருப்பு கிடந்தால் உள்ளே கோழி வேகிறது என்று பொருள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அங்கே எல்லோருக்கும் இது தெரியும். பாஸ்கலுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அந்த மனுஷன் அப்படி ஒரு காரியம் செய்தார்.

பாஸ்கல், மூணாறிலிருந்து வட்டவடைக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஃபாக்டரியில் டிரையர் பார்க்கிறவர். அரைத்துப் புளிக்கவைத்த இலை செம்பு நிறத்தில் ஒரு பக்கம் உள்ளே போகும், கறுத்த தூளாக மறு பக்கம் வெளியே வரும். நடுவில் நின்று சூடு பார்ப்பது அவர் வேலை. சிமென்ட் தரை. உட்கார்ந்தால் தூள் கருகிவிடும். மீசை முளைத்தும் முளைக்காத வயதில் அங்கே போய் நின்றவர், ஐம்பதைத் தாண்டியும் அங்கேயேதான் நிற்கிறார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொழுந்து கிள்ள வந்த குடும்பம். பிறந்தது லயத்தில், கல்யாணம் கட்டியது லயத்தில், ஒரே மகள் சிஞ்சு பிறந்ததும் லயத்தில். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்ப் பூசை காண்பார். யார் வம்புக்கும் போகமாட்டார். யாரும் அவரை வம்புக்கு இழுக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் அவருடைய ஆயுள் கால வேண்டுதல்.

அதற்குக் காரணம் அவருடைய கால்.

ஆள் வாட்டசாட்டம்தான். தோளைப் பார்த்தால் மூட்டை தூக்குகிறவர் என்று நினைப்பார்கள். ஆனால் கீழே போகப் போகக் கடவுளுக்கு மண் தீர்ந்துபோயிருக்க வேண்டும். கால் ரெண்டும் ஐந்தாம் நம்பர். விரல்கள் அளவாக, நகங்கள் சிவந்து, பாதம் வளைவாக. பெண் பிள்ளைக்கு அமைந்திருந்தால் ஊரே மெச்சியிருக்கும். பாஸ்கலுக்கு அமைந்ததால் ஊரே சிரித்தது. பள்ளிக்கூடத்தில் எவனோ ஒரு பயல் "இவன் காலுக்குக் கொலுசு போட்டா எடுப்பா இருக்கும்டா" என்று சொல்லிவைக்க, அன்றிலிருந்து அவர் பெயர் கொலுசு. பந்து விளையாடப் போனால் கொலுசு. முதல் சம்பளம் வாங்கப் போனால், வரிசையில் பின்னால் நின்றவன் "கொலுசு நகரட்டும்" என்றான்.

கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு ஷூ எடுத்துக் கொடுத்தார்கள். அளவு கேட்டதற்கு வாய் கூசாமல் எட்டு என்று சொல்லிவிட்டார். முனையில் பஞ்சு திணித்து, கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் ஒரு மாதிரி இழுத்து இழுத்து நடந்தார். மாப்பிள்ளைக்கு ஏதோ ஊனம், மறைத்துவிட்டார்கள் என்று பெண் வீட்டுப் பெரியம்மா ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். அன்று ராத்திரி ஷூவைக் கழற்றிப் பார்த்த ரோசி, பஞ்சை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "சொல்லியிருந்தா சின்னதா வாங்கியிருப்பாங்கல்ல, இதுல என்ன இருக்கு?" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு. பாஸ்கலுக்கு அது அவ்வளவுதான் இல்லை.

வருஷங்கள் போனதில் கொலுசு என்று கூப்பிட்டவர்கள் சிலர் பென்ஷன் வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் போனார்கள், சிலர் செத்தே போனார்கள். பெயர் மறைந்தது. புதிதாக வந்த பையன்கள் அவரை மாமா என்றும் அண்ணே என்றும் கூப்பிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு. அந்த நேரம் பார்த்துத்தான் குதிகால் வலி வந்தது.

காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணியில் மிதித்த மாதிரி. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். தட்டையான செருப்பு ஆகாது, குதி கொஞ்சம் உயர்ந்த மாதிரி எதையாவது போடுங்கள் என்றும் சொன்னார். அதே மாசம் ஃபாக்டரியிலும் ஒரு உத்தரவு வந்தது. டூரிஸ்ட்காரர்கள் சுற்றிப் பார்க்க வருகிற இடமாக ஃபாக்டரியை மாற்றியிருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். அதனால் மெஷின் அருகில் நிற்கிற எல்லோரும் மூடிய ஷூ போட்டே ஆக வேண்டும்.

மூணாறு பஜாரில் எல்லாக் கடையும் ஏறி இறங்கினார். ஆம்பளை ஷூ ஆறாம் நம்பரிலிருந்துதான் ஆரம்பம். ஐந்து என்றதும் கடைக்காரர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி பள்ளிக்கூடப் பையன்கள் போடுகிற கறுப்பு ஷூவை எடுத்து நீட்டினார்கள். அதன் அடி அப்பளம். ஒரு வாரம் போட்டதில் வலி இடுப்புக்கு ஏறியது.

கடைசியில் பாலத்துக்குப் பக்கத்தில் பழைய ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் ஷூவும் குவித்துப் போட்டு விற்கிற இடத்தில் அது கிடைத்தது. கறுப்பு பூட்ஸ். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரை. உள்பக்கம் ஜிப். அதிகம் உயரமில்லாத, அகலமான குதி. பக்கத்தில் சின்னதாக ஒரு வெள்ளிக் கொக்கி. சும்மா காலை விட்டுப் பார்த்தார். ஜிப்பை இழுத்துவிட்டு எழுந்து நின்றார். வலி இல்லை. நாலடி நடந்தார். வலி இல்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு.

"சேட்டா, இது லேடீஸாணு கேட்டோ," என்றான் விற்கிறவன்.

தெரியாமல் இருக்குமா? பொம்பளை பூட்ஸ் என்று தெரியும். "மகளுக்குப்பா. அவளுக்கும் எனக்கும் ஒரே அளவு, அதான் போட்டுப் பாத்தேன்," என்றார் பாஸ்கல். கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்கிறவன் முழி அவரிடம் அப்படியே இருந்தது. விற்கிறவனுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவன் அடுத்த ஆளிடம் ஸ்வெட்டர் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

அந்த பூட்ஸை அவர் திருட்டுப் பொருள் மாதிரி வைத்துக் காப்பாற்றினார். பேன்ட்டின் மடிப்பைத் தன் கையாலேயே பிரித்துவிட்டு, துணி குதியை மூடுகிற மாதிரி தைத்துக்கொண்டார். வீட்டிலிருந்து ரப்பர் செருப்பில் கிளம்புவார். ஃபாக்டரிக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கிற மூலையில் நின்று, பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்வார். சாயங்காலம் அதே மூலையில் கழற்றுவார். ரோசிக்குக்கூடச் சொல்லவில்லை. "இப்பல்லாம் வலி எப்பிடி இருக்கு?" என்று அவள் கேட்டால், "மாதா புண்ணியத்துல தேவலை," என்பார். மாதாவையும் இதில் இழுத்துவிட்டோமே என்று பிறகு தனியாக வருத்தப்படுவார்.

இப்படியே ஓடியிருக்கும். சிஞ்சுவுக்குப் பிரசவ நேரம் வந்தது. பிள்ளை பெற மகள் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை. இந்தக் குளிரிலும் ஜீப் குலுக்கலிலும் அது நடக்கிற காரியமில்லை என்று ரோசியே மகள் வாழ்கிற கோயம்புத்தூருக்குக் கிளம்பிப் போனாள். வீட்டில் கேட்க ஆளில்லை என்றானதும் பாஸ்கலுக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்தது. விறகு மூலையில் கழற்றாமல், இருட்டினதும் பூட்ஸோடே வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு ஜூலை மழை. சேறு கணுக்கால் வரைக்கும். வந்ததும் பூட்ஸைக் கழுவினார். உள்ளே வைத்தால் தண்ணீர் சொட்டும், அடுப்பருகில் வைத்தால் தோல் வெடிக்கும். கூரை நிழலில், படியில், கவிழ்த்து வைத்தார். கொஞ்சம் வடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்தார். உடம்பு ஏற்கெனவே கணகணவென்று இருந்தது. காய்ச்சலில் அசந்து தூங்கியவர் எழுந்தபோது நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் குழாய்க்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியிருந்தார்கள். போகும்போதும் படியைப் பார்த்தார்கள், வரும்போதும் பார்த்தார்கள்.

மறுநாள் வேலைக்குப் போனார். டீ குடிக்கிற நேரத்தில் ஆண்கள் எல்லோரும் வெளித் திண்டில் கூடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு சுருளிவேல் அவருக்கு இடம் ஒதுக்கி விட்டான். இலை அரைக்கிற ரோலரில் வேலை பார்க்கிற பையன், ஓயாத வாய்.

"என்ன மாமா, அத்த ஊர்ல இல்லாத நேரமாப் பாத்து விருந்தாளி போலருக்கு?"

"எந்த விருந்தாளி?"

"படியில பாத்தோம்ல. குதி வச்ச பூட்ஸு. கொக்கி கிக்கியெல்லாம் வச்சு."

சுற்றிலும் எட்டுப் பத்து முகங்கள். 'அது என்னுதுப்பா' என்ற பதில் பாஸ்கலின் தொண்டை வரைக்கும் வந்தது. அதோடு கூடவே கொலுசு என்ற பெயரும் வந்தது. அந்த முகங்கள் எல்லாம் வாய் பிளந்து சிரிக்கப் போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை. சிரித்தார். லேசாக, ஒரு பக்கமாக, மீசையைத் தடவிக்கொண்டு.

ஓ என்று ஒரு சத்தம் எழுந்தது. ஒருவன் அவர் முதுகில் தட்டினான். இன்னொருவன் தன் வடையை எடுத்து அவர் கையில் வைத்தான். ஐம்பது வயசுக்கு மேலே, வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்தக் கூட்டம் பாஸ்கலை ஒரு ஆம்பளையாகப் பார்த்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கட்டின பெண்டாட்டிக்குத் துரோகம் செய்தவன் என்ற பெயர், பொம்பளை பூட்ஸ் போட்டவன் என்ற பெயரைவிட அவருக்கு லேசாக இருந்தது. அந்த வடையை அவர் தின்று முடித்தார்.

பேச்சுக்குக் கால் உண்டு, லயத்தில் அது ஓடும். வந்தவள் யார் என்று தெரியாமல் எத்தனை நாள் பேச முடியும்? தோட்டத்தில் அப்படி பூட்ஸ் போடுகிற பெண் ஒருத்திதான். யோகப்பிரியா. டூரிஸ்ட்காரர்களுக்கு ஃபாக்டரியைச் சுற்றிக் காட்டி, இது இன்ன மெஷின், இது இன்ன தூள் என்று தமிழிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் சொல்கிற பெண். முப்பது வயசிருக்கும். பச்சைக் கோட்டு, கறுப்பு பேன்ட், கறுப்பு பூட்ஸ் அவளுக்குக் கம்பெனி கொடுத்த உடுப்பு. புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். கீழ் வரிசையில் தனியாக இருந்தாள். படியில் பூட்ஸ் கிடந்த அன்றைக்கு ராத்திரி அவள் வட்டவடைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் படி காலியாகக் கிடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அங்கே படி காலி, இங்கே படியில் பூட்ஸ். இதற்கு மேல் லயத்துக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

பாஸ்கலுக்கு இது தெரிந்தது சம்பள நாளில். ஃபாக்டரியிலிருந்து நேராக வந்து, மூணாறுக்குப் போகிற ஜீப்பில் அவர் முன்சீட்டில் இருந்தார். பின்னால் பெண்கள். யோகப்பிரியா குடையை மடக்கிக்கொண்டு ஏற வந்தாள்.

"இடம் இல்ல," என்றாள் ஒருத்தி.

இன்னும் ரெண்டு பேர் தாராளமாக உட்காரலாம். எல்லோரும் புடவையைப் பரப்பிக்கொண்டு வெளியே பார்த்தார்கள். "ஏன்க்கா, நகந்தா உக்காரலாமே," என்றாள் யோகப்பிரியா. "உனக்கென்ன, போற வீட்லயெல்லாம் இடம் கிடைக்கும்," என்று உள்ளேயிருந்து ஒரு குரல். சிரிப்பு. யோகப்பிரியா ஒரு நொடி முன்சீட்டைப் பார்த்தாள். பாஸ்கல் சட்டென்று குனிந்து, கிடக்காத எதையோ காலடியில் தேடினார். ஜீப் கிளம்பியது. வளைவு திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தார். மழையில் குடை பிடித்து நடந்து வந்துகொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூணாறு போய்ச் சேருகிற வரைக்கும் அவருக்கு உள்ளே ஏதோ அழுகிக்கொண்டே வந்தது. அவருடைய காலில் அந்தப் பூட்ஸ் இருந்தது, பேன்ட்டுக்குள்ளே, சௌகரியமாக.

ரெண்டு நாள் கழித்து அவளே வந்தாள். டூரிஸ்ட் கூட்டம் போன பிறகு, டிரையர் பக்கத்தில், சுற்றிலும் யாருமில்லாத நேரத்தில்.

"அண்ணே, உங்க வீட்டுக்கு யாரு வந்தாங்கன்னு நான் கேக்கல. அது உங்க பாடு. வந்தது நான் இல்லன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க. குழாயடியில எனக்குக் கொடம் வைக்க விடமாட்டேங்காங்க."

"சொல்றேம்மா," என்றார் பாஸ்கல்.

"மறந்துராதீங்கண்ணே."

"சத்தியமா சொல்றேன்."

அவள் நம்பிக்கொண்டு போனாள். நம்புகிறவர்களைப் பார்க்கிறதுதான் இதில் பெரிய தண்டனை.

சொல்லவும் செய்தார். சாயங்காலம் சுருளிவேலைத் தனியாகக் கூப்பிட்டு, "யப்பா, அந்தப் புள்ள யோகப்பிரியா இல்ல. அவ பேர இழுக்காதீங்க," என்றார்.

"சரி மாமா. பின்ன யாரு?"

பாஸ்கல் வானத்தைப் பார்த்தார். மேகம் ஒன்றும் சொல்லவில்லை.

"புரியுது மாமா, புரியுது," என்றான் சுருளிவேல், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. அன்றைக்கு ராத்திரியே லயம் முழுக்கப் பரவிவிட்டது. பாத்தியா, அவளைக் காட்டிக்கொடுக்காமல் எப்படிக் காப்பாற்றுகிறார் மனுஷன், நல்ல ஆம்பளை. இதுவரைக்கும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ரெண்டொருவரும் அதைக் கேட்டு நம்பிவிட்டார்கள். யோகப்பிரியா வீட்டைக் காலி செய்துவிட்டு வட்டவடைக்கே போகப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அரை உண்மை சொன்னால் அரைப் புண்ணியமாவது கிடைக்கும் என்று நினைத்திருந்தார் பாஸ்கல். முழுப் பாவமாகவே வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் 'என் பாவமே' என்று மார்பில் அடித்துக்கொள்கிற இடத்தில் கொஞ்சம் பலமாகவே அடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவன் கள்ளத்தனமாகச் சிரித்தான்.

பிறகு ரோசி வந்தாள். யாரோ போனில் சொல்லியிருந்தார்கள். பச்சைப் பிள்ளைக்காரியான மகளை விட்டுவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து, மத்தியானத்துக்கெல்லாம் வந்து நின்றாள். வாசலில் நின்று முதலில் படியைத்தான் பார்த்தாள்.

"என்ன, இம்புட்டுச் சீக்கிரம்? பிள்ள எப்பிடி இருக்கா?" என்றார் பாஸ்கல்.

"பூட்ஸு யாருது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வீட்டுக்குள் ரெண்டே பேர். பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுச் சிரித்த அதே ரோசி. ஆனால் இத்தனை நாள் கழித்துச் சொன்னால் 'அப்புறம் ஏன் அந்தப் பெண்ணை விட்டீர்கள்' என்று கேட்பாளே. பூட்ஸை விட அந்தக் கேள்விதான் இப்போது பெரிய வெட்கமாக வளர்ந்து நின்றது. "யாரோ டூரிஸ்ட்காரி விட்டுட்டுப் போனது. கிடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்," என்றார்.

"எதுக்கு?"

ரோசி ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. முகம் கழுவினாள், சோறு வடித்தாள், அவருக்குப் போட்டாள், தான் சாப்பிடவில்லை. விடிந்ததும் கொண்டையை முடிந்துகொண்டு கீழ் வரிசைக்கு இறங்கிப் போனாள்.

பாஸ்கல் வீட்டில் இருந்தபடியே கேட்டார். முதலில் ரோசியின் குரல். பிறகு பானை குடங்கள் தரையில் வைக்கப்படுகிற சத்தம். குழாயடி மொத்தமும் வேடிக்கை பார்க்கக் கூடுகிறது என்று அர்த்தம்.

"ஏட்டி, வெளிய வாட்டி! எம் புருசன் வீட்டுப் படியில கழட்டிப் போட்டுட்டு, இங்க வந்து கதவச் சாத்திக்கிட்டா ஆச்சா?"

"மதினி, நான் அன்னைக்கு வட்டவடையில இருந்தேன். எங்க அம்மாட்ட போன் போட்டுக் கேளுங்க."

"உங்க அம்மா வேற என்னத்தச் சொல்லுவா?" அதற்குப் பிறகு ரோசி ஒரு வார்த்தை சொன்னாள். எழுதுகிற வார்த்தை இல்லை. முப்பது வருஷத்தில் ரோசி வாயிலிருந்து பாஸ்கல் அதைக் கேட்டதில்லை. ஜெபமாலை சொல்கிற வாய். அந்த வாயை அப்படிப் பேச வைத்தது தான்தான் என்று அவருக்கு உறைத்தது.

அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து பூட்ஸை எடுத்தார். கையில் எடுத்துக்கொண்டு போனால், அவளுடையதை அவளிடம் கொடுக்க வந்திருக்கிறான் என்பார்கள். ஆகவே மாட்டிக்கொண்டார். பேன்ட் போடவெல்லாம் நேரமில்லை. மடித்துக் கட்டின லுங்கி, கீழே முடி அடர்ந்த ரெண்டு கெண்டைக்கால், அதற்கும் கீழே கொக்கி வைத்த பொம்பளை பூட்ஸ். அந்தக் கோலத்தில் படி இறங்கி, எல்லாச் சனமும் பார்க்க, கீழ் வரிசை வரைக்கும் டக் டக்கென்று நடந்து போனார். அவ்வளவு தூரத்திலும் அவருக்குத் தலை நிமிரவில்லை.

"ரோசி, விடு. அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாத. இது எனக்குள்ளது. எங் காலுக்கு வாங்குனது, குதிகால் வலிக்கு. அன்னைக்கு வீட்டுக்கு யாரும் வரல. நான்தான் கழுவிக் கவுத்து வச்சேன்."

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் அவர் காலைப் பார்த்தார்கள். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியிருந்தது. யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு களுக்கென்றாள். அவ்வளவுதான், அணை உடைந்தது. கிழவர்கள் இருமி இருமிச் சிரித்தார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பழைய குரல் "அடேய் கொலுசு!" என்று கத்தியது. சுருளிவேல் குடத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்க முடியாமல் நின்றான்.

பாஸ்கல் நின்றார். எதற்காக இத்தனை காலமாகப் பயந்தாரோ அது இதோ நடந்துகொண்டிருந்தது. அது ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம்கூட நீடிக்கவில்லை. சிரிப்பு தானாக ஓய்ந்தது. பெண்கள் குடத்தைக் குனிந்து எடுத்தார்கள். யாரும் செத்துப்போகவில்லை.

யோகப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால், திறந்த கதவு வழியாக, மூட்டை கட்டி வைத்திருப்பது தெரிந்தது. அவள் பூட்ஸைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்காகவாண்ணே?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவள் உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். மன்னிப்பு என்ற வார்த்தை ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு அப்போது நினைவு வரவில்லை. ரோசிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயி, என் நாக்கு அழுகிப்போகும், மன்னிச்சுரு," என்று அழுதாள். "நீங்க நேர வந்து கேட்டீங்க மதினி. அது பரவால்ல," என்றாள் யோகப்பிரியா. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கு மத்தியானமே அவள் வட்டவடைக்குப் போய்விட்டாள். இருந்துவிடு என்று லயத்துப் பெண்கள் சொல்லாமல் இல்லை. ஜீப்பில் இடமும் ஒதுக்கிக் கொடுத்தார்கள். இப்போது அங்கிருந்துதான் வேலைக்கு வந்து போகிறாள். காலையில் இருட்டோடு கிளம்ப வேண்டியிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். பாஸ்கலைக் கண்டால் முகத்தைத் திருப்புவதில்லை. மெஷினைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போகிறாள்.

பாஸ்கல் பூட்ஸை இப்போது எல்லோர் முன்னாலும் போட்டுக்கொண்டு போகிறார். ரெண்டு வாரம் கேலி செய்தார்கள். அப்புறம் அதுவும் அலுத்துப்போனது. டிரையரில் மாற்று ஆளாக நிற்கிற ஒருத்தர், தானும் அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவரை யாரும் ஏனென்றுகூடக் கேட்கவில்லை. அதைப் பார்த்த அன்றைக்குப் பாஸ்கலுக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு மலிவான ஒரு வெட்கத்தைக் காப்பாற்றவா அந்தப் பெண்ணின் மானத்தைக் கொடுத்தோம் என்று நினைத்தபோது, தன் உடம்பே தனக்கு அருவருப்பாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுருளிவேல் வந்தான். கொஞ்சம் நொண்டிக்கொண்டே வந்தான்.

"மாமா, எனக்கும் குதிகால் கொல்லுது. அந்தப் பூட்ஸு எங்க கிடைக்கும்? எனக்கு ஏழாம் நம்பர் வேணும்."

பாஸ்கல் பதில் சொல்லத் தொண்டையைச் செருமினார். உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ரோசி, தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்:

"அவருகிட்டயா கேக்கீங்க தம்பி? அப்ப உக்காந்துதான் கேக்கணும். அவரு வாயத் தொறக்க நாளாகும். அதுக்குள்ள ஒரு வீடு காலியாயிரும்."

சுருளிவேல் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டான்.